கதை முதலில், கணினி கடைசியில்: கடலூர், சிதம்பரம் பிள்ளைகளோடு சில குறிப்புகள்

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேருக்கு, சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், கணினி வழியாகக் கதை சொல்லக் கற்றுக்கொடுக்கப் போயிருந்தேன். முதல் நாள் வகுப்பு முழுசா சொதப்பல். சொதப்பியது நான்தான்.

ஸ்க்ராட்ச் மென்பொருளைத் திறந்து, பாத்திரத்தை எப்படி நகர்த்துவது, பின்னணிப் படத்தை எப்படி மாற்றுவது, பேச்சுக் குமிழி எப்படி வரவைப்பது என்று ஒன்றரை மணி நேரம் விளக்கினேன். மீதி அரை மணியில் "இப்போ ஆளுக்கொரு கதை செய்யுங்க" என்றேன். செய்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் ஒரே கதை: பூனை நடக்கும், எதிரே ஒரு நாய் வரும், 'ஹலோ' சொல்லும், முற்றும். பூனைகூட அந்த மென்பொருளோடு வருகிற அதே ஆரஞ்சுப் பூனைதான்.

மணி அடித்து வெளியே போகும்போது ஒரு பையன், தன் அப்பா போன படகில் நடுக்கடலில் இஞ்சின் நின்றுபோன கதையைப் பக்கத்துப் பையனிடம் சொல்லிக்கொண்டு போனான். "அப்ப பாத்து மொபைல்லயும் சார்ஜ் இல்லடா, எங்கப்பா என்ன பண்ணாரு தெரியுமா…" என்று ஓர் இடத்தில் நிறுத்தினான். அந்த நிறுத்தத்துக்கு ஏழெட்டுப் பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நானும் நின்றேன்.

வகுப்புக்குள் பூனை 'ஹலோ' சொன்ன அதே பையன்தான் அவன். கதை அவனிடம் ஏற்கெனவே இருந்தது. எங்கே நிறுத்தினால் கேட்பவன் தவிப்பான் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் கருவியை முன்னால் வைத்ததால், அவன் கதையை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்திருக்கிறான். அந்த நாளுக்குப் பிறகு கடலூரிலும் சிதம்பரத்திலும் நடத்திய வகுப்புகளில் வரிசையை மாற்றினேன். முதலில் வாய், பிறகு காது, பிறகு தாள், பிறகு படம், கடைசியில் கணினி. அந்த வரிசை ஏன் வேலை செய்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

'டிஜிட்டல் கதைசொல்லல்' என்ற பெயர் அமெரிக்காவில் 1990-களில் பரவியது. ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி, நினா மல்லன் ஆகியோர் 1994-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஒரு சிறு பயிற்சிக் கூடம் பின்னர் பெர்க்லிக்கு இடம்பெயர்ந்தது. இன்று அதன் பெயர் ஸ்டோரிசென்டர். அவர்கள் செய்யவைத்தது ரொம்ப எளிமையான ஒன்று. இரண்டு மூன்று நிமிடப் படம். சொல்பவரின் சொந்தக் குரல். பெரும்பாலும் வீட்டில் கிடக்கும் பழைய புகைப்படங்கள். அவ்வளவுதான்.

பெயரில் 'டிஜிட்டல்' இருந்தாலும் பயிற்சி கணினியில் தொடங்குவதில்லை. முதலில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கதையை வாயால் சொல்வார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். அதைக் கதைவட்டம் என்கிறார்கள். கணினி அதற்கப்புறம்தான். நம் ஊர்த் திண்ணையிலும் வேப்பமரத்தடியிலும் நடந்ததும் இதுதானே என்று உங்களுக்குத் தோன்றினால், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் வகுப்புக்கு முன்னாலேயே தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்!

முதல் வேலை: ஊர்ப்பெயர்

"உன் வாழ்க்கைல நடந்த ஒரு கதையைச் சொல்லு" என்று பிள்ளைகளிடம் கேட்டால் பதில் வராது. கேள்வி பெரிது. "உங்க ஊருக்கு ஏன் அந்தப் பேரு?" என்று கேட்டுப் பாருங்கள், வாய் திறக்கும்.

கடலூரில் இதற்குப் பஞ்சமே இல்லை. கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊர். கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து கரையேறிய இடம் என்பது வழிவழியாக வரும் கதை. ஊர்ப்பெயருக்குள் கதை முழுசாக இருக்கிறது. யாரோ ஒருவர் தத்தளித்திருக்கிறார், ஏதோ ஒன்று கரையேற விட்டிருக்கிறது.

இன்னொன்று குண்டுசாலை, குண்டு உப்பலவாடி என்று பெயர்களில் வரும் அந்தக் 'குண்டு'. 1690-ல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் உண்டு. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும். அப்படிக் கம்பெனி வசமான ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். அந்தக் கோட்டைதான் புனித டேவிட் கோட்டை.

இதைச் சொன்னதும் ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ குண்டு விழுந்த வீட்டுல யாராவது இருந்திருப்பாங்களே சார்?" வரலாற்றுப் பாடத்தில் எங்கும் கேட்கப்படாத கேள்வி. வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஒருத்தி தலைக்கு மேலே சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்க்கிறாள் என்று அவள் கதையைத் தொடங்கினாள். வாங்கியவன் பக்கமிருந்து சொல்லப்பட்ட நிகழ்ச்சியை, குண்டு விழுந்த பக்கமிருந்து சொன்னாள். 'பார்வைக்கோணம்' என்ற சொல்லை நான் கரும்பலகையில் எழுதவே இல்லை.

இந்தக் கட்டத்தில் தேவைப்படும் கருவி ஒரு கைப்பேசி, அதில் குரல் பதிவு செய்யும் வசதி. ஒரு நிமிடம் பேச வேண்டும். பதிவு செய்ததைத் தானே ஒரு தடவை கேட்க வேண்டும். பிறகு மறுபடி பேச வேண்டும். எழுதச் சொல்வதில்லை, தட்டச்சும் இல்லை. தமிழில் தட்டச்சு செய்யப் பிள்ளைகளுக்கு நேரம் பிடிக்கிறது. ஒரு சொல்லுக்கு எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது அடுத்த வாக்கியம் பறந்துபோகிறது. குரல் பதிவில் அந்தத் தடை இல்லை.

"என் தமிழ் தப்பா இருக்கு சார்"

தன் குரலைத் தானே கேட்கும்போது எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் வெட்கம். பல பிள்ளைகள் சொன்ன ஒரே வாக்கியம்: "என் தமிழ் தப்பா இருக்கு சார், மறுபடி பேசறேன்." மறுபடி பேசினால் 'தண்ணி வந்துச்சி' என்பது 'வெள்ளம் சூழ்ந்தது' என்று ஆகிவிடுகிறது. 'எங்க ஆயா' என்பது 'எனது பாட்டி' ஆகிவிடுகிறது. இலக்கணம் சரியாகிவிடும், ஆனால் கதை செத்துப்போகும்.

எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்கு அது வேண்டும், வாழ்க்கைக்கும் வேண்டும். ஆனால் கதையில் ஒரு மனிதர் பேசினால் அவர் பேசுகிறபடிதான் பேச வேண்டும். இதை நம்ப வைக்க எனக்குக் கடலூரிலேயே இரண்டு சாட்சிகள் கிடைத்தார்கள். புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், 1906 ஏப்ரல் 25. ஜெயகாந்தன் பிறந்ததும் கடலூரில்தான், 1934 ஏப்ரல் 24. தமிழ்ச் சிறுகதையின் இரண்டு பெரிய பெயர்களுக்கும் பிறந்த ஊர் ஒன்று, பிறந்தநாள் அடுத்தடுத்த தேதி. புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தார். ஜெயகாந்தன் சென்னைச் சேரி மக்களின் பேச்சைக் கொண்டுவந்தார். ஜெயகாந்தன் பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு விட்டவர் என்று சொன்னபோது வகுப்பில் ஒரே ஆரவாரம். அந்தப் பகுதியை மட்டும் பின்பற்ற வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

பிறகு ஒரு விதி வைத்தோம். கதை சொல்கிற குரல் எந்தத் தமிழில் இருந்தாலும் சரி, கதைக்குள் பேசுகிறவர்களின் பேச்சைத் திருத்தக் கூடாது. அன்றிலிருந்து 'மறுபடி பேசறேன்' குறைந்தது.

'அப்புறம்' வேறு, 'அதனால' வேறு

பிள்ளைகளின் கதையில் அதிகம் வரும் சொல் 'அப்புறம்'. அப்புறம் இது நடந்தது, அப்புறம் அது நடந்தது. நிகழ்ச்சிகளை அடுக்கினால் பட்டியல் வரும், கதை வராது. சில 'அப்புறம்'களை எடுத்துவிட்டு 'அதனால' அல்லது 'ஆனா' போட முடிகிறதா என்று பார்க்கச் சொல்வேன். இதற்குத்தான் தாள். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு துண்டுத் தாள், தரையில் பரப்பி வைத்து இடம் மாற்றிப் பார்ப்பது.

சிதம்பரம் வகுப்பில் இதற்குப் பிச்சாவரத்தை எடுத்துக்கொண்டோம். அலையாத்திக் காடு சுனாமியில் ஊர்களைக் காப்பாற்றியது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்குப் பின்னால் ஓர் ஆய்வு இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும், இந்தக் கரையோரத்தின் 18 குடியிருப்புகளை ஒப்பிட்டு, மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மறுபடி அலசி, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது, எவ்வளவு மேட்டில் இருந்தது என்பதுதான் முக்கியக் காரணம் என்று மறுத்தார்கள்.

அந்த இரண்டு துண்டுத் தாளையும் தரையில் வைத்தோம். 'காடு இருந்தது, அதனால ஊர் தப்பியது' ஒன்று. 'ஊர் மேட்டில் இருந்தது, அதனால தப்பியது' இன்னொன்று. நிகழ்ச்சிகள் அதேதான், 'அதனால' மாறினால் கதையே மாறுகிறது. "அப்போ எது சார் நிஜம்?" என்று கேட்டார்கள். ஆய்வாளர்களுக்கும் அந்தச் சண்டை இருந்தது, நீங்கள் 'அதனால' போடும்போதெல்லாம் "எப்படித் தெரியும்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கைப்பேசியில் நாள் முழுதும் வந்து விழும் செய்திகளில் எத்தனை 'அதனால' சும்மா ஒட்டவைக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கவும் இந்தப் பழக்கம் உதவும்.

கோபுரமும் அசைவுப்படமும்

சிதம்பரம் பிள்ளைகளுக்குப் படக்கதை சொல்லிக்கொடுக்க நான் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. நடராசர் கோயில் கோபுர வாயில்களின் உட்சுவரில் 108 கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. கீழைக் கோபுரத்தில் நாட்டிய சாத்திரச் சுலோகங்களும் கூடவே பொறிக்கப்பட்டுள்ளன. கரணம் என்பது கை, கால், உடல் மூன்றும் சேர்ந்த ஓர் அசைவு. கல்லில் அசைவைச் செதுக்க முடியாது. ஆகவே சிற்பி ஓர் அசைவிலிருந்து ஒரு கணத்தை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறார். பத்மா சுப்ரமணியம் போன்றவர்கள் அந்த ஒற்றைக் கணத்திலிருந்து முழு அசைவையும் மீட்டெடுக்க ஆய்வு செய்தார்கள்.

நிறுத்தி நிறுத்தி எடுக்கும் அசைவுப்படம், அதாவது ஸ்டாப் மோஷன், இதே கணக்குதான். கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, ஒரு படம் எடு, கொஞ்சம் நகர்த்து, அடுத்த படம் எடு. வினாடிக்கு 6 படம் என்று வைத்தால்கூடப் பத்து வினாடிக்கு 60 படம் வேண்டும். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளே நின்று செய்தார்கள். ஒருத்தி கீழே விழுகிறாள், தோழி கை கொடுத்துத் தூக்குகிறாள். இவ்வளவுதான் கதை. முதல் முயற்சியில் விழுவதற்கு 50 படம், தூக்குவதற்கு 10 படம். ஓடவிட்டுப் பார்த்ததும் அவர்களே, "விழுறது ரொம்ப நேரம் இருக்கு, தூக்கறதுதான சார் முக்கியம்?" என்றார்கள். மறுபடி எடுத்தார்கள். எந்த இடத்தில் நேரம் செலவழிக்கிறாயோ அதுதான் உன் கதை. இதை ஒரு கட்டுரையில் புரியவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

இப்போது கணினி

நாலாவது வாரம்தான் மறுபடி கணினி. அதே ஸ்க்ராட்ச். எம்.ஐ.டி.யின் ஊடக ஆய்வகம் 2007-ல் வெளியிட்ட இலவச மென்பொருள், ஒரு தடவை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். இந்த முறை பிள்ளைகளுக்கு அதனிடம் ஒரு காரியம் இருந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததைப் பார்த்த பிள்ளைகள். 'வீட்டை விட்டுக் கிளம்பணுமா வேண்டாமா' என்று அப்பாவும் தாத்தாவும் விடிய விடியப் பேசியதை ஒரு பெண் கதையாக்கினாள்.

ஸ்க்ராட்சில் இரண்டு பாத்திரங்களைப் பேசவைத்துப் பச்சைக் கொடியை அழுத்தினால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். ஒருவர் பேசும்போது மற்றவர் இத்தனை வினாடி காத்திரு என்று தனியாகக் கட்டளை போட வேண்டும். அவள் அப்பாவுக்குக் காத்திருப்பு போட்டாள், தாத்தாவுக்குப் போடவில்லை. கேட்டதற்கு, "எங்க தாத்தா யார் பேசறதையும் கேக்க மாட்டாரு சார்" என்றாள். சரிதான்! கதையின் கடைசியில் தண்ணீர் வாசல்படி ஏறியதும் தாத்தாவுக்கு ஐந்து வினாடி காத்திருப்பு. அவர் முதல்முறையாக ஒன்றும் பேசவில்லை. பூனை 'ஹலோ' சொன்ன அதே வகுப்பு இது.

படம் வரையத் தயங்கும் பிள்ளைகளுக்கு, பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைக் காட்டுகிறேன். அங்குள்ள படங்களும் கதைகளும் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் இருப்பதால், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டுப் படத்தை எடுத்துச் சொந்தக் கதை எழுதலாம். இணையத்தில் கிடைப்பதெல்லாம் சும்மா எடுத்துக்கொள்வதற்கில்லை என்பதும் போகிறபோக்கில் பாடமாகிறது.

யாருடைய கதை?

கடைசியாக ஒன்று. இதுதான் எனக்கு இன்னும் யோசனையாக இருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்றைய ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. அவர்களுக்குச் சுனாமி என்பது வீட்டில் கேட்ட கதை, அல்லது வீட்டில் யாரும் சொல்லாத கதை. ஒரு மாணவி தன் ஆயாவிடம் கைப்பேசியைக் கொடுத்துப் பேசவைத்து, பதினோரு நிமிடப் பதிவோடு வந்தாள். அதை இரண்டு நிமிடமாகச் சுருக்க வேண்டும். எதை வெட்டுவது என்று மூன்று வாரம் போராடினாள். அலை வந்த இடத்தை வெட்டிவிட்டாள்! ஆயா மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் வீட்டில் எல்லாருக்குமாகச் சேர்த்து உலை வைத்ததையும், எண்ணிக்கை நினைவுக்கு வந்து அரிசியைத் திரும்ப அள்ளியதையும் மட்டும் வைத்துக்கொண்டாள்.

நான் மென்மையாக ஒரு வீணை இசை சேர்க்கலாமா என்று கேட்டேன். "வேணாம் சார். பின்னால கடல் சத்தம் வருது பாருங்க, அது போதும்" என்றாள்.

படம் நன்றாக வந்ததால் பள்ளியில் எல்லாருக்கும் போட்டுக்காட்டி, இணையத்திலும் ஏற்றலாம் என்று எனக்கு ஆசை. நல்லவேளை, முதலில் ஆயாவிடம் கேட்டு வரச் சொன்னேன். ஆயா பார்த்திருக்கிறார். அழவில்லையாம். "நல்லா பண்ணிருக்க. ஆனா இத போன்ல எல்லாம் போடாத, இது நம்ம வீட்டுது" என்று சொல்லிவிட்டாராம். இன்றைக்கு அந்தப் படம் அவர்கள் வீட்டு மெமரி கார்டில் மட்டும் இருக்கிறது. இங்கே நான் எழுதியிருக்கும் இந்தச் சில வரிகளுக்கும் அவள் மூலமாகக் கேட்டு அனுமதி வாங்கினேன்.

குழந்தைகளின் படைப்பை உடனே இணையத்தில் ஏற்றி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணும் வழக்கம் இப்போது பள்ளிகளில் வந்துவிட்டது. அந்த எண்ணிக்கை ஆசிரியருக்கு உற்சாகம் தரலாம். ஆனால் கதை யாருடையது என்று கேட்பதும் கதைசொல்லல் பாடத்தின் பகுதிதான். ஏற்றாமல் விட்ட படமும் முடிந்த வேலைதான், அதற்கும் முழு மதிப்பெண் உண்டு.

நீங்கள் உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ தொடங்க நினைத்தால் என் அனுபவக் கணக்கு இது. முதல் வாரம் ஊர்ப்பெயர், ஒரு நிமிடக் குரல் பதிவு. இரண்டாம் வாரம் துண்டுத் தாளும் 'அதனால'வும். மூன்றாம் வாரம் 60 படங்களில் ஒரு சின்னச் சம்பவம். நான்காம் வாரம் கணினி. இரண்டு நிமிடக் கதைக்குத் தமிழில் 160 முதல் 180 சொல் போதும், அதற்கு மேல் போனால் பிள்ளைகள் மூச்சு வாங்குகிறார்கள். வீட்டுப் பெரியவர் கதை என்றால், முடிந்த படத்தை முதலில் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

இஞ்சின் நின்றுபோன அந்தப் பையனின் அப்பா என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி ஆட்டினாராம். அந்த வழியே வந்த இன்னொரு படகு பார்த்துவிட்டது. பையன் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருக்கிறான். துடுப்புக்கு வீட்டில் இருந்த ஐஸ் குச்சி, சட்டைக்கு அப்பாவின் பழைய கைக்குட்டை. இதுவரை 43 படம் ஆகியிருக்கிறது.